அறுவடை நேரத்தில் விலை ஏன் படுத்துவிடுகிறது?
நெல், மக்காச்சோளம்... உடனே விற்பதா, இருப்பு வைப்பதா?

தை மாதம் நெல் அறுத்து, களத்திலேயே வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டோம். ஆடி மாதம் பார்த்தால், அதே ரகம் மூட்டைக்கு 200, 300 ரூபாய் கூடுதலாகப் போகிறது. ஆறு மாதம் பொறுத்திருந்தால் அந்தப் பணம் நம் கைக்கு வந்திருக்காதா?

ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் முடிந்ததும் விவசாயிகள் கேட்கும் கேள்வி இது. நெல் விவசாயி மட்டுமல்ல, மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு போடுபவர்களும் கேட்கிறார்கள். இருப்பு வைத்து நாலு காசு பார்த்தவர்கள் உண்டு. இருப்பு வைத்து, எலிக்கும் வண்டுக்கும் வட்டிக்கும் கொடுத்தது போக, அறுவடை விலைகூடக் கிடைக்காமல் நின்றவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் அதிர்ஷ்டம் மட்டுமல்ல. விலை எப்போது, எதனால் ஏறும் என்று தெரிந்து, காத்திருக்க ஆகும் செலவையும் கணக்குப் போட்டவர்தான் பெரும்பாலும் தப்பிக்கிறார்.

ஒரே வாரத்தில் குவியும் நெல்

முன்பெல்லாம் ஓர் ஊர் அறுவடை முடிய ஒரு மாதம்கூட ஆகும். கையால் அறுத்து, கட்டு கட்டி, களத்தில் அடித்து, தூற்றி எடுப்பதற்குள் நெல்லும் ஓரளவு காய்ந்துவிடும். சந்தைக்கு நெல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். இப்போது அறுவடை இயந்திரம் சுமார் ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கரை முடித்துவிடுகிறது. இயந்திரம் ஊருக்குள் வந்திருக்கும்போதே அறுத்தாக வேண்டும். விட்டால் அடுத்த ஊருக்குப் போய்விடும். அதனால், ஒரு வாரத்துக்குள் ஊர் நெல் முழுவதும் சாலை ஓரத்துக்கு வந்துவிடுகிறது. அதுவும் 20 சதவிகிதத்துக்கு மேல் ஈரத்தோடு.

அந்த வாரத்தில் நெல் மட்டும்தான் மிகுதி. மற்ற எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. லாரி கிடைக்காது, சாக்கு கிடைக்காது, சுமை தூக்க ஆள் கிடைக்காது, அரிசி ஆலையில் காய வைக்க இடம் இருக்காது. வியாபாரியின் கைப்பணமும் ஏற்கெனவே வாங்கிய நெல்லில் முடங்கியிருக்கும். வாங்க ஆசை இருந்தாலும் விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

விவசாயி பக்கமும் நெருக்கடிதான். அறுவடை இயந்திர வாடகையை ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். உரக்கடை பாக்கி, நகைக்கடன் வட்டி, கூட்டுறவுக் கடன் தவணை எல்லாம் அறுவடையை நம்பித்தான் நிற்கின்றன. விற்றே ஆக வேண்டிய நூறு பேரும், பொறுத்து வாங்கக்கூடிய நான்கு பேரும் ஒரு களத்தில் நின்றால், யார் சொல்லும் விலை நிற்கும்? வியாபாரியைக் குறை சொல்வதால் இது மாறாது. எந்த வாரத்தில், என்ன ஈரத்தில், எவ்வளவு நெருக்கடியோடு களத்தில் நிற்கிறோம் என்பதை நாம் மாற்றிக்கொண்டால்தான் கொஞ்சமாவது மாறும்.

நமக்கு அறுவடை... பக்கத்து மாநிலத்தில் என்ன?

நெல் விலையை நம் ஊர் அறுவடை மட்டும் தீர்மானிப்பதில்லை. யார் யாருக்கு எப்போது அறுவடை என்ற கணக்கு ஆலைக்காரர்களின் மனதில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அதே கணக்கு நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

குறுவை: காவிரி டெல்டாவில் ஜூன், ஜூலையில் நடவு, செப்டம்பர், அக்டோபரில் அறுவடை.

சம்பா, தாளடி: ஜனவரி நடுவில் தொடங்கி மார்ச் வரை அறுவடை. தமிழ்நாட்டின் பெரிய வரத்து இதுதான்.

நவரை: காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, விழுப்புரம் பகுதிகளில் கிணற்றையும் ஏரியையும் நம்பி டிசம்பர், ஜனவரியில் நடவு, ஏப்ரல், மே மாதங்களில் அறுவடை.

சொர்ணவாரி: அதே வட மாவட்டங்களில் ஏப்ரல், மே நடவு, ஜூலை, ஆகஸ்டில் அறுவடை.

கார், பிசானம்: திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பகுதிகளில் கார் அறுவடை செப்டம்பர், அக்டோபரில், பிசான அறுவடை பிப்ரவரி, மார்ச்சில்.

வெளி மாநிலம்: ஆந்திரா, கர்நாடகாவில் பெரிய அறுவடை நவம்பர், டிசம்பரில், தண்ணீர் இருந்தால் இரண்டாம் போகம் ஏப்ரல், மே மாதங்களில்.

இந்தப் பட்டியலின் கடைசி வரியைக் கவனியுங்கள். நம் சம்பா அறுவடைக்கு இரண்டு மாதம் முன்பே ஆந்திரா, கர்நாடக நெல் நம் ஆலைகளுக்கு வந்துவிடுகிறது. பொங்கல் நேரத்தில் ஆலைக்காரர் கையில் இருப்பு இருக்கிறது; அவசரம் இல்லை. ‘இன்னும் எங்கள் ஊரில் அறுவடையே தொடங்கவில்லை, அதற்குள் ஏன் விலை இறங்குகிறது?’ என்று மார்கழியில் கேட்பவர்களுக்குப் பதில் இதுதான். துங்கபத்திரா பாசனப் பகுதியில் விளைச்சல் நன்றாக இருந்தால், ஆரணியிலும் காங்கேயத்திலும் சன்ன நெல்லைக் கேட்கும் குரல் தணிந்துவிடும்.

குறுவைக்கு வேறு மாதிரியான சிக்கல். புரட்டாசியில் பழைய இருப்பு குறைந்திருக்கும்; நெல்லுக்குத் தேவையும் இருக்கும். ஆனால், வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வாசலில் நிற்கும். மேட்டூர் அணை ஜூன் 12-ம் தேதி திறந்தால் ஓரளவு மழைக்கு முன்பே அறுத்துவிடலாம். தள்ளிப்போனால் அறுவடையும் மழைக்குள் போய்விடும். 2024-ல் அணை ஜூலை 28-ம் தேதிதான் திறக்கப்பட்டது. ஆழ்துளைக் கிணறு இருந்தவர்களே பெரும்பாலும் குறுவை போட முடிந்தது. 2023-ல் ஜூன் 12-ல் திறந்தும், தண்ணீர் இல்லாமல் அக்டோபர் 10-ம் தேதி மூடினார்கள். குடகு மலையில் பெய்யாத மழை, நான்கு மாதம் கழித்து தஞ்சாவூர் களத்தில் விலையாகவோ விளைச்சல் இழப்பாகவோ வந்து நிற்கிறது.

சன்ன ரகத்துக்கு ஒரு சந்தை, மோட்டா ரகத்துக்கு ஒரு சந்தை

‘நெல் விலை ஏறும்’ என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தம் இல்லை. எந்த நெல் என்று கேட்க வேண்டும்.

வெள்ளைப் பொன்னி, பி.பி.டி 5204 மாதிரியான சன்ன ரகங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கும் ஹோட்டலுக்கும் போகின்றன. புது அரிசி குழையும் என்பதால், மக்கள் பழைய அரிசியைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள். அதனால் ஆலைகளும் மண்டிகளும் தை, மாசியில் வாங்கிய நெல்லை இருப்பு வைத்து, பல மாதம் கழித்து அரைக்கின்றன. அதாவது, இந்த ரகங்களில் காலம் கடந்தால் தரமும் கூடுகிறது. ஆனியிலிருந்து ஐப்பசி வரை விலை ஏறுவதற்கு வாய்ப்பு இருப்பது இவற்றுக்குத்தான்.

மோட்டா ரகங்களின் கதை வேறு. டெல்டாவில் விளையும் பொது ரக நெல்லை மிக அதிகமாக வாங்குவது அரசுதான். ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கும் மாநிலத்தில், மோட்டா அரிசிக்கு வெளிச் சந்தை சிறியது. இட்லி அரிசிக்குப் போகும் சி.ஆர் 1009 மாதிரி சில ரகங்கள் விதிவிலக்கு. மற்றபடி மோட்டா நெல்லை ஆறு மாதம் அடுக்கி வைத்தால் பெரிய ஏற்றம் வருவது அரிது. அரசு கொள்முதல் நிலையமும் அந்தந்தப் பருவ அறுவடைக்காகத் திறக்கப்படுவது. வரத்து முடிந்ததும் மூடிவிடுவார்கள். பிறகு தனியார் சொல்வதுதான் விலை.

சுருக்கமாக... மோட்டா நெல் என்றால் காய வைத்து, கொள்முதல் நிலையத்தில் போடுவதற்கு முழு முயற்சி எடுங்கள். சன்ன ரகம் என்றால் மட்டும் இருப்பு வைப்பதைப் பற்றி யோசியுங்கள்.

ஆதரவு விலை என்ற தரை

2025-26 கொள்முதல் பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,369 ரூபாய். சன்ன ரகம் 2,389 ரூபாய். அந்தப் பருவத்தில் தமிழ்நாடு அரசு ஊக்கத்தொகையாகப் பொது ரகத்துக்கு 131 ரூபாயும், சன்ன ரகத்துக்கு 156 ரூபாயும் சேர்த்ததால், கொள்முதல் நிலையத்தில் 2,500 ரூபாயும் 2,545 ரூபாயும் கிடைத்தன. நாடு முழுக்க கொள்முதல் பருவம் அக்டோபர் 1-ல் தொடங்கினாலும், குறுவையை முன்னிட்டு 2022 முதல் இங்கே செப்டம்பர் 1-லேயே தொடங்கிவிடுகிறது.

இந்த விலை ஒரு தரை மாதிரி. விலை அதற்குக் கீழே விழாமல் தாங்கும். ஆனால், அந்தத் தரை ஈரமாக இருந்தால் கால் வழுக்கும். கொள்முதலுக்கு அனுமதிக்கப்படும் ஈரப்பதம் 17 சதவிகிதம். மழை ஆண்டுகளில் மாநில அரசு கேட்டு, மத்திய அரசு தளர்வு கொடுப்பது உண்டு. அதற்கு நாள் பிடிக்கும். 2025 அக்டோபரில் டெல்டா மாவட்டங்களில் குறுவை நெல் கொள்முதல் நிலையங்களின் வாசலில் தேங்கி, மழையில் நனைந்து முளைத்ததை எல்லோரும் பார்த்தோம். அப்படி மாட்டிக்கொண்டவர் தனியாரிடம் போனால், ஆதரவு விலை பேச்சே எடுபடாது.

விலையை ஒப்பிடும்போது மூட்டைக் கணக்கிலும் ஏமாறக் கூடாது. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை. டெல்டாவில் தனியார் பேசுவது பெரும்பாலும் 60 கிலோ மூட்டைக் கணக்கில். ஆரணி, சேத்துப்பட்டு பக்கம் 75 கிலோ மூட்டை. ‘அங்கே 1,800 ரூபாய், இங்கே 1,500 ரூபாய்தானா?’ என்று மனம் வருந்த வேண்டாம். 75 கிலோவுக்கு 1,800 என்றால் குவிண்டால் 2,400. 60 கிலோவுக்கு 1,500 என்றால் குவிண்டால் 2,500. எந்த விலையைக் கேட்டாலும் முதலில் குவிண்டாலுக்கு மாற்றுங்கள்.

மக்காச்சோளம்: தாவணகெரேயும் பீகாரும்

நெல்லுக்கு இருப்பது போன்ற கொள்முதல் நிலையங்கள் மக்காச்சோளத்துக்கு இல்லை. 2025-26-க்கு ஆதரவு விலை 2,400 ரூபாய் என்று அறிவிப்பு இருந்தாலும், நம் விவசாயிக்குக் கிடைப்பது சந்தை சொல்லும் விலைதான். அதனால், பருவத்தின் ஏற்ற இறக்கம் மக்காச்சோளத்தில் நேரடியாகவே தெரியும்.

வாங்குபவர்கள் யார்? நாமக்கல் முட்டைக் கோழிப் பண்ணைகள், பல்லடம் பகுதி கறிக்கோழிப் பண்ணைகள், தீவன ஆலைகள். கோழித் தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். அவர்களுக்கு ஆண்டு முழுக்கத் தேவை. நம் பெரம்பலூர், அரியலூர், திண்டுக்கல், உடுமலைப் பகுதி மானாவாரி மக்காச்சோளம் புரட்டாசிப் பட்டத்தில் விதைத்து, தை, மாசியில் சந்தைக்கு வருகிறது. மற்ற மாதங்களில் அவர்கள் வெளியிலிருந்துதான் வாங்குகிறார்கள். கர்நாடகாவின் தாவணகெரே, ஹாவேரி மக்காச்சோளம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும். ஆந்திராவின் ரபி பருவ அறுவடை மாசி, பங்குனியில். பீகாரின் பெரிய அறுவடை ஏப்ரல் முதல் ஜூன் வரை. பூர்ணியா பக்கத்தில் இருக்கும் குலாப்பாக் சந்தைதான் அதற்குத் தலைமைச் சந்தை.

இந்த வரிசையில் நம் இடத்தைப் பாருங்கள். முன்னால் கர்நாடகா, பின்னால் ஆந்திரா, அதற்குப் பின்னால் பீகார். தை மாதம் அறுத்ததைப் பங்குனி வரை வைத்தால், ஆந்திர வரத்துக்கு நடுவில் விற்க வேண்டியிருக்கும். சித்திரை, வைகாசியில் பீகார் சரக்கு ரயிலேறி வந்துவிடும். அந்த வரத்து வடிந்து, கர்நாடகாவின் புது அறுவடை வராத ஆடி முதல் புரட்டாசி வரைதான் விலை ஏற வாய்ப்பு அதிகம். ஆக, மக்காச்சோளத்தை ஒன்றிரண்டு மாதம் மட்டும் வைப்பதில் பெரிய பயன் இல்லை. வைத்தால் ஆடி வரை வைக்க வேண்டும். அத்தனை மாதம் பூஞ்சை வராமல் காக்க முடியுமா என்பதுதான் கேள்வி. பூஞ்சை நஞ்சு இருந்தால் தீவன ஆலை வாசலிலேயே லாரியைத் திருப்பிவிடுவார்கள்.

2019 சொன்னது ஒன்று, 2020 சொன்னது வேறு

பருவத்தை மட்டும் நம்பி இருப்பு வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, இந்த இரண்டு ஆண்டுகளே போதும்.

2018-ல் படைப்புழு கர்நாடகாவில் கண்டறியப்பட்டு, அதே ஆண்டில் நம் வயல்களுக்கும் வந்தது. மக்காச்சோளம் பெரிய அளவில் பாதிக்கப்பட்டது. வரத்துக் குறைந்ததால் 2019-ல் விலை நன்றாக ஏறியது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யும் அளவுக்குத் தட்டுப்பாடு. இருப்பு வைத்திருந்தவர்களுக்கு நல்ல காலம்.

அதைப் பார்த்து 2020-ல் இருப்பு வைத்தவர்களுக்கு நேர்ந்தது வேறு. அந்த ஆண்டின் தொடக்கத்தில், கோழிக்கறி சாப்பிட்டால் கொரோனா வரும் என்ற வதந்தி பரவியது. கறிக்கோழி விலை சரிந்தது. பண்ணைகள் குஞ்சு விடுவதை நிறுத்தின. கூடவே ஊரடங்கும் வந்தது. தீவனத்துக்குக் கேட்க ஆளில்லாமல், மக்காச்சோள விலை ஆதரவு விலைக்கும் வெகு கீழே போனது. பருவக் கணக்கு சரியாகத்தான் இருந்தது, வாங்குபவர்தான் இல்லை.

நெல்லிலும் இப்படி உண்டு. 2023 ஜூலை 20-ம் தேதி பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 சதவிகித வரி விதித்தது. 2024 செப்டம்பர் கடைசியில் தடை விலகியது. ஓர் அறிவிப்பில் சந்தையின் போக்கு மாறிவிடும். மக்காச்சோளத்தில் இப்போது எத்தனால் ஆலைகளும் புதிதாக வாங்க வந்திருக்கின்றன. அவர்கள் எவ்வளவு வாங்குவார்கள் என்பதும் அரசுக் கொள்கையைப் பொறுத்தது.

அதனால்தான் சொல்கிறோம்... விளைந்த அத்தனையையும் ஆடி விலையை நம்பி வைப்பது விவசாயம் அல்ல, சூதாட்டம்.

காத்திருக்க ஆகும் செலவு

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்று காய்ந்த மக்காச்சோளம் குவிண்டால் 2,000 ரூபாய். நான்கு மாதம் வைக்கிறீர்கள். விற்காததால் கடனை அடைக்க முடியவில்லை. இரண்டு வட்டி என்றால், மாதம் 40 வீதம் நான்கு மாதத்துக்கு 160 ரூபாய். சாக்கு, ஏற்று இறக்குக் கூலி, வாடகை எல்லாம் சேர்த்து 60 ரூபாய். எடை இழப்பு, வண்டு, எலி என்று 3 சதவிகிதம் போனால் 60 ரூபாய். மொத்தம் 280 ரூபாய். நான்கு மாதம் கழித்து 2,280 ரூபாய்க்கு விற்றால், லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. 2,250-க்கு விற்றுவிட்டு, ‘குவிண்டாலுக்கு 250 கூடுதலாக வாங்கினேன்’ என்று சொல்பவர், உண்மையில் 30 ரூபாய் இழந்திருக்கிறார். மூன்று வட்டிக் கடன் என்றால், 2,360 ரூபாய் கிடைத்தால்தான் அசல் நிற்கும்.

இந்தச் செலவில் பெரிய பங்கு வட்டிக்குத்தான் போகிறது. கந்துவட்டிக் கடன் இருப்பவர் முதலில் விற்று அதை அடைப்பதுதான் அவருக்குக் கிடைக்கும் பெரிய விலை உயர்வு. கூட்டுறவுப் பயிர்க் கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டியே இல்லை. இருப்பு வைக்கிறேன் என்று தவணையைத் தவறவிட்டால், அந்தச் சலுகையும் போய்விடும்.

ஈரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 20 சதவிகித ஈரத்தில் உள்ள 100 கிலோ தானியம், 14 சதவிகிதத்துக்குக் காய்ந்தால் 93 கிலோதான் இருக்கும். ஈரத்தோடு 1,800 ரூபாய், காய்ந்தால் 2,050 ரூபாய் என்கிறார் வியாபாரி. 250 ரூபாய் வித்தியாசம் என்று தோன்றும். 93 கிலோவுக்கு 2,050 வீதம் கணக்கிட்டால், வருவது சுமார் 1,906 ரூபாய். ஆக, கூடுதல் 106 ரூபாய்தான். காய வைக்கும் கூலி அதற்குள் அடங்கினால் காய வையுங்கள். வீட்டு ஆட்கள் இருந்து, களமும் வெயிலும் இருந்தால் இது நிச்சயம் லாபம். கூலிக்கு ஆள் வைத்து, மேகம் மூடிய நேரத்தில் செய்தால் சந்தேகம்தான்.

கிட்டங்கியும் பொருளீட்டுக் கடனும்

அறுவடை நேரத்தில் பணமும் வேண்டும், விற்கவும் கூடாது என்றால், அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் உள்ள கிட்டங்கிகளில் விளைபொருளை 180 நாள்கள் வரை வைக்கலாம். அதன் மதிப்பில் 75 சதவிகிதம் வரை பொருளீட்டுக் கடனும் வாங்கலாம். வட்டி, வெளியில் வாங்கும் கடனோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

மேலே போட்ட கணக்கில் இதை வைத்துப் பாருங்கள். 2,000 ரூபாய் மதிப்புள்ள குவிண்டாலுக்கு 1,500 ரூபாய் கடன். ஆண்டு வட்டி 6 சதவிகிதம் என்று வைத்தாலும், நான்கு மாதத்துக்கு 30 ரூபாய்தான். 160 ரூபாய் வட்டி 30 ஆகிறது. அப்போது 2,150 ரூபாய் கிடைத்தாலே போட்டது நிற்கும். அதே சரக்கு, அதே சந்தை, அதே நான்கு மாதம். கடன் வாங்கிய இடம் மட்டும்தான் வேறு.

கூடத்தில் மறைமுக ஏலம் நடக்கும்; விவசாயியிடம் கமிஷன் பிடிப்பதில்லை; சந்தைக் கட்டணத்தை வணிகர்தான் கட்ட வேண்டும். கொண்டுபோனால் அன்றே விற்றாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விலை பிடிக்காவிட்டால் மறுத்துவிட்டு, அடுத்த ஏலத்தில் வைக்கலாம். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே போய், கிட்டங்கியில் இடம் இருக்கிறதா, என்ன ஆவணங்கள் வேண்டும், வட்டி எவ்வளவு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பருவத்திலிருந்தே செய்ய வேண்டியவை

1. மூன்று பங்காகப் பிரியுங்கள். கடனுக்கும் அடுத்த போகச் செலவுக்கும் தேவையானதை அறுவடையிலேயே விற்றுவிடுங்கள். மீதியை இரண்டாக்கி, ஒன்றை விலை ஓரளவு ஏறியதும் விற்றுவிடுங்கள். கடைசிப் பங்கை மட்டும் உச்ச விலைக்குக் காத்திருக்க விடுங்கள். எந்த ஆண்டிலும் முழு லாபம் வராது. முழு நஷ்டமும் வராது.

2. காத்திருக்க ஒரு கெடு வையுங்கள். அடுத்த பெரிய வரத்து எங்கிருந்து, எந்த மாதம் வருகிறதோ, அதற்கு ஒரு மாதம் முன்பு விற்று முடித்துவிட வேண்டும். சன்ன நெல் என்றால் ஐப்பசிக்கு முன். மக்காச்சோளம் என்றால் கர்நாடக வரத்து தொடங்கும் புரட்டாசிக் கடைசிக்கு முன்.

3. விலையை எழுதி வையுங்கள். ஒரே சந்தை, ஒரே ரகம், வாரம் ஒருமுறை. வீட்டுக் காலண்டரில் அந்தத் தேதியிலேயே எழுதினால் போதும். மூன்று ஆண்டுக் காலண்டர் கையில் இருந்தால், உங்கள் ஊர் விலை எந்த மாதம் ஏறும், எந்த மாதம் படுக்கும் என்பதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

4. ரகத்தின் வயதை வைத்து அறுவடையைத் தள்ளுங்கள். தண்ணீர் உங்கள் கையில் இருந்தால், ஊரோடு ஒரே நாளில் அறுக்காமல் பத்து நாள் முன்பின்னாக வருகிற மாதிரி ரகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். வாய்க்கால் பாசனத்தில் இது முடியாது. அங்கே ஊரோடு சேர்ந்துதான் போக வேண்டும்.

5. சேர்ந்து விற்றுப் பாருங்கள். ஒரு லாரி நிறையும் அளவுக்கு நான்கைந்து பேர் சேர்ந்தால், உள்ளூர்த் தரகரைத் தாண்டி ஆலைக்கோ தீவன ஆலைக்கோ நேராகக் கொண்டுபோகலாம். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் பக்கத்தில் இருந்தால் இன்னும் எளிது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரப்பதம் பார்க்கும் கருவி இல்லை. வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது?

நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் தானியமும், வறட்டுத் தூள் உப்பும் போட்டு மூடி, சில நிமிடங்கள் குலுக்குங்கள். உப்பு பாட்டிலின் உள்பக்கத்தில் ஒட்டினால், ஈரம் 15 சதவிகிதத்துக்கு மேல் இருக்கிறது. இருப்பு வைக்கக் கூடாது. ஒட்டாவிட்டால் வைக்கலாம். விற்கப்போகும் முன்பு கூடத்தில் கருவியிலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மூட்டை அடுக்கும்போது என்ன கவனிக்க வேண்டும்?

தரையில் நேராக அடுக்காமல், மரச் சட்டத்தின் மேல் அடுக்குங்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி இருக்கட்டும். எலி நடமாட்டமும் தெரியும், ஈரமும் ஏறாது. பழைய சாக்கைக் கொதிநீரில் அலசி, வெயிலில் காய வைத்துப் பயன்படுத்துங்கள். பழைய சாக்கிலிருந்துதான் வண்டு பெரும்பாலும் வருகிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மூட்டையைப் பிரித்து, உள்ளே கைவிட்டுப் பாருங்கள். தானியம் சூடாக இருந்தால் வண்டோ பூஞ்சையோ தொடங்கிவிட்டது என்று அர்த்தம். காத்திருக்காமல் உலர்த்துங்கள் அல்லது விற்றுவிடுங்கள்.

விலை எப்படிப் போகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முக்கியப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன்பும் அறுவடைக்கு முன்பும் விலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. உழவன் செயலியிலும் சந்தை விலைகளைப் பார்க்கலாம். முன்னறிவிப்பு ஒரு வழிகாட்டிதான். மழையும் அரசு அறிவிப்பும் மாறினால் அதுவும் மாறும்.

கேழ்வரகு, கம்புக்கும் இதே கணக்கா?

பருவக் கணக்கு அதேதான். 2025-26-க்கு கேழ்வரகு ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். கம்புக்கு 2,775 ரூபாய். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் கேழ்வரகை அரசே கொள்முதல் செய்வதால், அந்தப் பகுதிக்காரர்கள் தனியாரிடம் விலை பேசும் முன்பு கொள்முதல் நிலையம் எப்போது திறக்கிறது என்று விசாரியுங்கள். கேழ்வரகு நன்றாகக் காய்ந்திருந்தால் வண்டுக்கு எளிதில் இடம் கொடுக்காது. மற்ற தானியங்களைவிட நீண்ட நாள் தாங்கும். கம்பு அப்படி அல்ல. அதை அதிக நாள் வைக்க வேண்டாம்.